கரும்பு வெட்டும் பெண்ணுக்கு யார் சொல்வது?

மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டச் செல்லும் 82,309 பெண்களிடம் 2019ஆம் ஆண்டு ஒரு கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. மாநிலச் சட்டமேலவைத் துணைத்தலைவர் நீலம் கோர்ஹே தலைமையில் அரசு அமைத்த குழுவுக்காக நடந்த கணக்கெடுப்பு அது. அவர்களில் 13,861 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஆறு பெண்களில் ஒருவர். தேசியக் குடும்ப நல ஆய்வு நாடு முழுவதற்கும் கண்டறிந்திருந்த அளவோ நூற்றுக்கு மூன்று. முப்பது வயதைக்கூட எட்டாத பெண்கள் பலர் அந்தப் பட்டியலில் இருந்தனர்.

செய்தி வெளியானபோது இரண்டு விளக்கங்கள் உடனடியாக முன்வைக்கப்பட்டன. தனியார் மருத்துவர்களின் பணத்தாசை என்பது ஒன்று; உழைக்கும் பெண்களின் அறியாமை என்பது மற்றொன்று. முதல் விளக்கத்தில் உண்மை உண்டு. 2016-17 தொடங்கி மூன்றாண்டுகளில் பீட் மாவட்டத்தின் தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 4,605 பெண்களுக்கு இந்த அறுவை செய்யப்பட்டதாகச் சுகாதார அமைச்சரே சட்டமன்றக் கூட்டத்தொடரில் தெரிவித்தார். இரண்டாவது விளக்கத்தை அவ்வளவு எளிதாக ஏற்பதற்கில்லை. அந்தப் பெண்களுக்குத் தகவல் கிடைக்காமல் இல்லை. வெள்ளைப்படுதலுக்கும் அடிவயிற்று வலிக்கும் மருந்து கேட்டுச் சென்றவர்களிடம், இது புற்றுநோயில் கொண்டுபோய் விடும், குழந்தைகள்தாம் பிறந்துவிட்டனவே, இனி எதற்கு அந்தப் பை என்று சொல்லப்பட்டது. மராத்தியில் கருப்பையைப் பெண்கள் 'பிஷ்வி', அதாவது பை, என்றே குறிப்பிடுகின்றனர். வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர், அவர்களுக்குப் புரியும் மொழியில், அவர்களுடைய சொல்லையே பயன்படுத்தி, அச்சத்தைக் கலந்து தந்த அதுவும் ஒரு சுகாதாரத் தகவல்தான். பொய்யான தகவல். அதை மறுத்துரைக்கும் வேறொரு குரல் அந்த நேரத்தில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஏன் இல்லை என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அந்தக் குரலாக இருப்பதற்கென்றே 2005இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் ஆஷா என்ற பதவியை உருவாக்கியது. தமிழ்நாட்டில் மலைப்பகுதிகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும் மட்டுமே ஆஷாக்கள் நியமிக்கப்பட்டதால் சமவெளித் தோழர்கள் பலருக்கு இந்தப் பெயர் நாளேட்டின் வழியாக மட்டுமே அறிமுகம். பிற மாநிலங்களிலோ ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஏறத்தாழ பத்து லட்சம் பெண்கள் ஊர்தோறும் இந்த வேலையைச் செய்துவருகின்றனர். கருவுற்ற பெண்ணைப் பதிவு செய்வது, பிரசவத்துக்கு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, பிறந்த குழந்தையை வீடு தேடிச் சென்று எடை பார்ப்பது, தடுப்பூசி நாளை நினைவூட்டுவது, காசநோயாளி மாத்திரையை விடாமல் விழுங்குகிறாரா என்று கவனிப்பது ஆகியவை அவருடைய அன்றாடம்.

ஆஷா என்பது ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் ஆனது. தமிழில் பெயர்த்தால் 'அங்கீகரிக்கப்பட்ட சமூக நல்வாழ்வுச் செயற்பாட்டாளர்' என்று வரும். அரசு தன் ஏட்டில் 'செயற்பாட்டாளர்' என்ற சொல்லைத் தானாகவே எழுதிவைத்தது வியப்புக்குரியது. ஆனால் ஊதியம் என்ற பேச்சு எழும் இடத்தில் அதே ஏடு அவரைத் 'தன்னார்வலர்' ஆக்கிவிடுகிறது. ஒரே பெண்ணுக்கு இரண்டு பெயர்கள். வேலை வாங்கும்போது ஒன்று, கூலி கொடுக்கும்போது மற்றொன்று. இந்தச் சொல் விளையாட்டு பல ஆயிரம் கோடி ரூபாயை அரசுக்கு மிச்சப்படுத்தியிருக்கிறது.

தன்னார்வலருக்கு ஊதியம் கிடையாது; ஊக்கத்தொகை உண்டு. அந்த ஊக்கத்தொகையின் பட்டியலை வாசித்தால் நம் அரசு கிராமப்புற உழைப்பாளியின் உடலை எவ்வாறு பார்க்கிறது என்பது விளங்கும். ஊரகப் பகுதியில் மருத்துவமனைப் பிரசவத்துக்கு 600 ரூபாய். பிறந்த குழந்தையின் வீட்டுக்குக் குறித்த நாள்களில் தவறாது சென்றுவந்தால் 250. முதலாண்டுத் தடுப்பூசிகள் முழுமையடைந்தால் 100. மலேரியாச் சோதனைக்கு ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி அனுப்பினால் 15. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு ஒருவரை அழைத்து வந்தால் அதற்கும் ஒரு தொகை. பெண்ணுடல் இந்தப் பட்டியலில் பிள்ளை பெறும் உடலாகவும் பிள்ளைப்பேற்றை நிறுத்தும் உடலாகவும் இடம்பெறுகிறது. குனிந்து நாற்று நடும் உடல், நாற்பது கிலோ கரும்புக் கட்டைத் தலையில் சுமந்து லாரியில் ஏறும் உடல், பூச்சிமருந்தைச் சுவாசிக்கும் உடல் ஆகியவற்றுக்கென்று அதில் இனம் ஏதும் இல்லை. மாதந்தோறும் தரப்படும் நிலையான தொகை 2018இல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2025இல் 3,500 என்று அறிவிக்கப்பட்டது. கூலித் தொழிலாளியிடம் உட்கார்ந்து, அவள் முதுகுவலி எங்கிருந்து வருகிறது என்று அரைமணி நேரம் பேசும் ஆஷா அந்த அரைமணியைத் தன் கையிலிருந்துதான் செலவழிக்கிறார்.

இத்தனைக்குப் பிறகும் பல ஆஷாக்கள் பேசுகின்றனர் என்பது வேறு செய்தி. அவர்களில் கணிசமானோர் தாமே வயல் வேலைக்குப் போகிறவர்கள்.

பீடுக்குத் திரும்புவோம். தீபாவளி முடிந்ததும் மராத்வாடாவின் வறண்ட ஊர்களிலிருந்து பல லட்சம் பேர் கோலாப்பூர், சாங்லி, சாத்தாரா, சோலாப்பூர் மாவட்டங்களுக்கும் கர்நாடகத்தின் பெலகாவிக்கும் லாரிகளிலும் டிராக்டர்களிலும் மாட்டுவண்டிகளிலும் புறப்படுகின்றனர். கணவனும் மனைவியும் சேர்ந்தது ஒரு 'கோய்தா'. கோய்தா என்றால் அரிவாள். ஆலைக் கணக்கில் இரண்டு மனிதர்கள் ஓர் அரிவாள். 'முகாதம்' எனப்படும் ஒப்பந்தக்காரர் அந்த அரிவாளுக்கு முன்பணம் கொடுத்து ஆறுமாத உழைப்பை எழுதி வாங்கிக்கொள்கிறார். விடியலுக்கு வெகுமுன்பே வெட்டத் தொடங்கி, லாரி வரும் நேரம் இரவானாலும் ஏற்றி முடிக்க வேண்டும். தங்குமிடம் வயலோரத்துத் தார்ப்பாய்க் குடிசை. கழிப்பறை இல்லை, குளிக்க மறைவில்லை, மாதவிலக்கு நாளில் துணி மாற்றத் தண்ணீர் இல்லை. தொற்று வராமல் இருந்தால்தான் அதிசயம். இருவரில் ஒருவர் ஒரு நாள் படுத்துவிட்டால் அரிவாள் ஓய்ந்துவிட்டதாகக் கொண்டு 'காடா' என்ற பெயரில் தண்டம் பிடிக்கப்படுகிறது. கூலியும் போய், 500 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் கடனில் ஏறுகிறது. கருப்பை அறுவைக்கான பணத்தை முகாதமே முன்பணமாகத் தந்து, பிறகு கூலியில் பிடித்துக்கொண்ட நிகழ்வுகளும் வெளிவந்தன.

ஆஷாவைத் தேர்ந்தெடுக்கும் விதிகள், அவர் அந்த ஊரிலேயே வாழும், மணமான அல்லது கணவனை இழந்த அல்லது பிரிந்த பெண்ணாக இருக்க வேண்டும் என்கின்றன. மணமாகாத பெண் திருமணத்துக்குப் பின் வேறு ஊருக்குப் போய்விடுவாள் என்ற முன்யோசனை. ஆஷா இடம் மாறிவிடக் கூடாது என்பதில் இவ்வளவு கவனம் செலுத்திய திட்டம், ஊரே இடம் மாறும் நிலையை நினைத்துப் பார்க்கவில்லை. ஆண்டில் ஐந்தாறு மாதங்கள் தம் ஊரில் இல்லாதவர்களை அந்த ஊரின் ஆஷா சந்திக்க இயலாது. அவர்கள் போய்ச் சேரும் ஊரின் ஆஷாவுக்கோ வயலோரக் குடிசைகள் தம் பட்டியலுக்கு வெளியே உள்ளவை. கருவுற்ற பெண் ஒருத்தி எட்டு வாரத்தில் ஒரு மாவட்டத்தில் பதிவு செய்து, முப்பதாவது வாரத்தில் இன்னொரு மாவட்டத்தில் கரும்புக் கட்டு சுமக்கிறாள். அவளுடைய அட்டை தகரப்பெட்டியில் இருக்கிறது.

சட்டமும் இந்த இடைவெளியில் வாகாக விலகி நிற்கிறது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பித் தோட்ட முதலாளிகள் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தரவேண்டும் என்று வற்புறுத்தியது. அந்த அளவுக்குக்கூடக் கரும்பு வயலுக்குச் சட்டம் எதையும் சொல்லவில்லை. தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் 1948 'பருவகால ஆலைகளை' விலக்கி வைத்தது. அந்த வரையறைக்குள் சர்க்கரை உற்பத்தி பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டது. வெட்டுவோர் ஆலைத் தொழிலாளரே அல்லர், ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்பது அதற்கும் மேலான பூட்டு. பெரும்பான்மையோர் மாநில எல்லையைத் தாண்டுவதில்லை என்பதால் 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டமும் அவர்களைத் தொடவில்லை. ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொரு மாவட்டத்துக்கு முந்நூறு கிலோமீட்டர் போகும் குடும்பம் சட்டத்தின் கண்ணில் வீட்டிலேயே இருக்கிறது.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒரு கேள்வி எழும். அந்த வயலோரத்தில் ஓர் ஆஷா இருந்திருந்தால்தான் என்ன நடந்திருக்கும்? வெள்ளைப்படுதல் பெரும்பாலும் மாத்திரையால் குணமாகும் தொற்று என்றும், கருப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டால் இளவயதிலேயே எலும்பு தேயும், முதுகும் மூட்டும் வலிக்கும், உறக்கம் கெடும் என்றும் அவர் சொல்லியிருப்பார். பத்து நிமிடத்தில் சொல்லக்கூடிய செய்தி. அதைக் கேட்ட பெண், மாதந்தோறும் மூன்று நாள் தண்டத்தை யார் கட்டுவது என்று திருப்பிக் கேட்டிருப்பாள். அதற்கு எந்த ஆஷாவிடமும், எந்தக் கையேட்டிலும் பதில் இல்லை. முன்பணத்தின் பிடியில் இருக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கே ஒரு கடன்தொகை. அறுவைக்கு ஒப்புக்கொண்டவள் அறியாமையால் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்குத் தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டாள்.

இதை வைத்துக்கொண்டு, கூலி உயரட்டும், சுகாதார விழிப்புணர்வு தானே வந்துவிடும் என்று முடிவு கட்டுவதும் தவறு. நம்மிடையே சிலரிடம் அந்தப் போக்கு உண்டு. நோயைப் பற்றிப் பேசுவது தொண்டு நிறுவனங்களின் வேலை, நம் வேலை கூலிப் போராட்டம் என்ற பிரிவினை அது. கூலி உயர்ந்த ஆண்டிலும் வயிற்றுவலி வரும். உயர்ந்த கூலியைக் கொண்டுபோய்க் கொடுக்க அதே மருத்துவமனை வாசல் திறந்திருக்கும்.

யவத்மாலில் நடந்தது இதன் மறுபக்கம். விதர்பாவின் அந்தப் பருத்தி மாவட்டத்தில் 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் அக்டோபர் வரை பூச்சிமருந்து தெளித்தவர்களில் இருபதுபேர் அளவுக்கு இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். சிறு விவசாயிகளும் நாள்கூலிக்குத் தெளிப்பவர்களும் இறந்தவர்களில் இருந்தனர். அந்த ஆண்டு பருத்திச் செடிகள் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தன. தெளித்த நஞ்சு மேலிருந்து முகத்திலேயே இறங்கியது. பாதுகாப்புக் கவசம் அணியாதது தொழிலாளரின் குற்றம் என்ற பேச்சு அதிகாரிகளின் தரப்பிலிருந்தும் நிறுவனங்களின் தரப்பிலிருந்தும் மீண்டும் மீண்டும் எழுந்தது. ஆவணி வெயிலில், ஈரப்புழுக்கத்தில், முழுவுடல் பிளாஸ்டிக் உடைக்குள் எட்டுமணி நேரம் நின்று தெளிக்க முடியுமா என்பதை அந்தப் பேச்சைப் பேசியவர்கள் ஒரு மணி நேரம் செய்து பார்த்திருக்கலாம்.

பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இன் கீழ் வந்த விதிகளின்படி ஒவ்வொரு புட்டியின் மேலும் வைர வடிவ நிற அடையாளம் ஒன்று இருக்க வேண்டும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறைந்துகொண்டே வரும். உடன் வரும் துண்டுத்தாளில் இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி ஆகியவற்றில் எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும். ஒரு கைக்குட்டை அளவுத் தாளில் இத்தனை மொழிகள் இடம்பெற வேண்டுமானால் எழுத்து எறும்பளவுதான் இருக்கும். யவத்மாலில் கோண்டு மக்களும் கோலம் மக்களும் கணிசமாக வாழ்கின்றனர். அவர்களுடைய கோண்டியும் கோலாமியும் நம் தமிழுக்கு உறவான திராவிட மொழிகள். துண்டுத்தாளில் அவற்றுக்கு இடமில்லை. நாள்கூலிக்குத் தெளிக்க வருபவருக்கோ பெரும்பாலும் புட்டியே காட்டப்படுவதில்லை. வாளியில் கலந்த நீர்தான் கைக்கு வருகிறது.

இன்னொன்றும் உண்டு. தமிழில் நாம் 'மருந்து அடிப்பது' என்கிறோம். இந்தியில் 'தவாய்', மராத்தியில் 'ஔஷத்'. மூன்று மொழிகளிலும் நஞ்சுக்குப் பெயர் மருந்து. நோயைத் தீர்க்கும் பொருளின் பெயரை, ஆளைக் கொல்லும் பொருளுக்குச் சூட்டியதில் கடைக்காரனுக்கு எவ்வளவு ஆதாயம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 'விஷம் தெளிக்கப் போகிறேன்' என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால், உடுத்த துணியை வீட்டுத் துணியோடு துவைக்கலாமா என்ற கேள்வி அவருக்கே எழும்.

இங்கே ஆஷாவுக்குச் செய்வதற்கு மிகத் தெளிவான வேலை இருக்கிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல், வாயில் எச்சில் ஒழுகுதல், வியர்த்துக் கொட்டுதல், தசை துடித்தல் ஆகியவை கரிம பாஸ்பரஸ் நஞ்சின் அடையாளங்கள். அந்த நிலையில் உடையைக் களைந்து சோப்பு நீரால் உடலைக் கழுவ வேண்டும். எந்த நஞ்சு என்று மருத்துவர் அறிய, புட்டியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். அட்ரோபின் ஊசி இருக்கும் மருத்துவமனைக்கு நேரே போக வேண்டும். பள்ளி இறுதி வகுப்பு படித்த பெண் ஒரு நாள் பயிற்சியில் கற்றுக்கொள்ளக் கூடியவை இவை. இவை அவருக்கு முறையாகக் கற்பிக்கப்படுவதுமில்லை, இவற்றுக்காக அவருக்குத் தொகையும் இல்லை. கோடைதோறும் அவர் கையில் தரப்படுவது வெப்ப எச்சரிக்கைத் தாள். நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே செல்வதைத் தவிர்க்கவும் என்று அது சொல்கிறது. வெளியே செல்வதையே பிழைப்பாகக் கொண்டவர்களிடம் அதை வாசித்துக் காட்டுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

வேறு வழியே இல்லையா என்றால், வழி பீடுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பக்கத்து அகமதுநகர் மாவட்டத்தின் ஜாம்கேடில் 1970இல் மருத்துவர்கள் ராஜனிகாந்த் ஆரோளேயும் மேபெல் ஆரோளேயும் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். எழுத்தறியாத, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களை ஊரே தேர்ந்தெடுத்து அனுப்பியது. மருத்துவச்சொற்கள் அவர்கள் மொழிக்கு வந்தன. அவர்கள் ஊருக்குப் பாடம் சொன்னதோடு, ஊரில் என்ன நடக்கிறது என்பதை மருத்துவர்களுக்கும் சொன்னார்கள். இடதுசாரிகள் அந்த முயற்சியோடு எல்லாவற்றிலும் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் எதிர்த்திசையிலும் தகவல் பாய்ந்தது என்ற அந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். சத்தீஸ்கரில் 2002இல் தொடங்கிய மிதானின் திட்டமும் அப்படியே. 'மிதானின்' என்பது அங்கே இரண்டு பெண்கள் சடங்கு செய்து ஏற்கும் வாழ்நாள் தோழமைக்குப் பெயர். ஆயிரம் பேருக்கு ஒருவர் என்று எண்ணாமல் குடியிருப்புக்கு ஒருவர் என்று அவர்களைத் தேர்ந்தனர். மிதானின்கள் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேசிய அதே மூச்சில் நியாயவிலைக் கடை அரிசியைப் பற்றியும் கேட்டனர். ஆஷா திட்டம் இவற்றிலிருந்து உருவத்தை எடுத்துக்கொண்டது. கேள்வி கேட்கும் பழக்கத்தை வழியிலேயே விட்டுவிட்டது. இப்போது ஆஷாவிடமிருந்து மேலே போவது எண்ணிக்கை மட்டுமே. எத்தனை பிரசவம், எத்தனை ஊசி. பீடின் ஒவ்வொரு ஊரிலும் எந்தெந்த வீட்டுப் பெண்ணுக்கு அறுவை நடந்தது என்பது அந்த ஊர் ஆஷாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதைக் கேட்கும் படிவம் 2019க்கு முன் அவரிடம் தரப்படவில்லை.

செய்தி வெடித்த பிறகு சில மாற்றங்கள் வந்தன. பீடில் தனியார் மருத்துவமனைகள் கருப்பை அறுவைக்கு மாவட்ட அரசு மருத்துவரின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்று விதிக்கப்பட்டது. பருவத்துக்கு முன்னும் பின்னும் மருத்துவச் சோதனை நடத்தும்படி கோர்ஹே குழு பரிந்துரைத்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் நடந்த இதே வகை அறுவைகள் குறித்த வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஒன்றிய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்தில் நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. வெட்டச் செல்லும் கூட்டங்களிலிருந்தே பெண்களைத் தேர்ந்து, பயிற்சியும் மருந்துப் பெட்டியும் கொடுத்து அனுப்பும் முயற்சியும் பீடில் நடந்தது. இந்தக் கடைசி முயற்சியே பயனுள்ளதாகத் தோன்றுகிறது. லாரியில் கூடவே ஏறி, பக்கத்துக் குடிசையில் தங்கும் பெண் சொல்லும் சொல்லுக்கு வேறு எந்தச் சொல்லும் ஈடாகாது.

ஆனால் அவளும் பாதி அரிவாள்தான். காய்ச்சலில் கிடக்கும் தோழியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் நாளில் அவள் பெயரிலும் தண்டம் ஏறும்.

ஆஷா சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒரே மேசைக்கு வரவேண்டிய இடம் இது. 2013இல் நடந்த 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, அரசுத் தரப்பும் அமர்ந்திருந்த அந்த மாநாடு, திட்ட ஊழியர்களைத் தொழிலாளர்களாக ஏற்று குறைந்தபட்சக் கூலியும் ஓய்வூதியமும் தரப் பரிந்துரைத்தது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது வழங்கியபோது ஆட்சியாளர்கள் கைதட்டினார்கள்; பரிந்துரை அப்படியே கிடக்கிறது. ஆஷா வேலைநிறுத்தம் செய்யும்போது, அது தம் சொந்தக் கோரிக்கை என்று கூலித் தொழிலாளர்கள் உணரும்படி நாம் பேசியிருக்கிறோமா என்று கிளைகளில் விவாதிக்கலாம். மாதச் சம்பளம் பெறும் ஆஷாவுக்குத்தான் பட்டியலில் இல்லாத குடிசைக்கும் போக நேரம் இருக்கும்.

கரும்பு வெட்டுவோர் சங்கங்களும் சர்க்கரை ஆலைகளும் கூலியைப் பேசித் தீர்க்கும் வழக்கம் மகாராஷ்டிரத்தில் உண்டு. 2024 ஜனவரியில் 34 சதவீத உயர்வு அவ்வாறு கிடைத்ததே. டன்னுக்கு எவ்வளவு என்பதுதான் அந்தப் பேச்சின் நடுப்பொருள். அடுத்த ஒப்பந்தத்தின் தாளில் இன்னும் நான்கு வரிகளைச் சேர்க்கக் கேட்க வேண்டும்: நோய் நாளுக்குத் தண்டம் இல்லை; ஒவ்வொரு முகாமுக்கும் கழிப்பறையும் தண்ணீரும் ஆலையின் பொறுப்பு; கோய்தா என்ற கணக்கு ஒழிந்து பெண்ணின் பெயரில் தனிக் கூலி; மருந்துப் பெட்டி சுமக்கும் பெண் தோழியோடு மருத்துவமனைக்குப் போகும் நாளின் கூலியை ஆலை தரவேண்டும்.